மதிய வெயிலில் 350 சிசி வண்டி: வலது கால் வேகிறது, தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

ஒற்றியூரான் | மே 9

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழு விவரமும் கொடுத்தால்தான் சரியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டி 2014 மாடல், 350 சிசி. ஒற்றை சிலிண்டர், இரட்டை பிளக், கார்புரேட்டர், ஏர் கூல்டு. மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு திருவொற்றியூர். வேலை சிறுசேரி சிப்காட்டில், ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி பிளான்ட்டில் ஆபரேட்டர். மதியம் 2 முதல் இரவு 10 வரை ஷிஃப்ட். அதனால் தினமும் 11.45-க்குக் கிளம்பி, கத்திரி வெயிலின் உச்சியில் 45 கிலோமீட்டர் போகிறேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிறது.

ராயபுரம் தாண்டி காமராஜர் சாலை முடியும் வரை பிரச்சினை இல்லை. கடல் காற்று ஏறிவிட்ட நாளில் மெரினா ஓரம் சுகமாகவே இருக்கும். அடையாறு தாண்டி ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஏறியதும்தான் ஆரம்பிக்கிறது. மெட்ரோ வேலைக்காகப் பாதையைக் குறுக்கியிருக்கிறார்கள், வண்டி ஊர்ந்துதான் போகும். பெருங்குடி வருவதற்குள் வலது தொடையின் உள்பக்கமும் கெண்டைக்காலும் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தது போல் ஆகிவிடும். ஜீன்ஸ் துணியே தொட முடியாத சூடு.

இன்ஜினிலும் சில மாற்றங்கள் தெரிகின்றன. நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஐடிலிங் உடனே இறங்குவதில்லை, கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்று மெல்லத்தான் இறங்குகிறது. பாலத்தில் இறங்கும்போது சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கிறது. காலையில் இது எதுவும் இல்லை.

போன வாரம் சோழிங்கநல்லூர் சிக்னலில் இரண்டு நாள் தலை சுற்றியது. ஒரு நாள் ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். கையில் தசை பிடித்துக்கொண்டது.

என் பெண் எட்டாவது படிக்கிறாள். போன மாதம் வலது பக்கமாக இறங்கி சைலன்சரில் கால் பட்டுவிட்டது. கொப்புளம் வந்து இப்போதுதான் ஆறுகிறது. அதிலிருந்து இந்த வண்டியைப் பார்த்தாலே மனசு கனமாகிறது.

இன்ஜினுக்கு ஏதாவது ஆகிக்கொண்டிருக்கிறதா, இல்லை வெயிலில் எல்லா வண்டியும் இப்படித்தானா? விற்றுவிட்டு லிக்விட் கூல்டு (திரவம் சுற்றி இன்ஜினை ஆற்றும்) வண்டி வாங்கினால் கால் தப்பிக்குமா?

---

வேலூர்க்காரன் | மே 9

நண்பரே, நான் தினமும் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட் போகிறவன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்குக் கை கொடுப்பது ஒரே விஷயம்தான். பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே வலை ஜாக்கெட். கழுத்தில் ஒரு ஈரத்துண்டு. வண்டி ஓட ஓட ஜில்லென்று இருக்கும். 20 நிமிடத்தில் காய்ந்துவிடும், ஏதாவது குழாயடியில் மறுபடி நனைத்துக்கொள்வேன். அரைக்கை சட்டை போட்டு ஓட்டாதீர்கள். அந்த அனல் காற்று தோலில் நேராகப் பட்டால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோவீர்கள்.

---

பட்டறை அண்ணன் | மே 10

தம்பி, 30 வருடம் பட்டறை வைத்திருந்தேன். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வெயிலுக்கு எல்லா வண்டியும் சூடாகும், அது சரி. ஆனால் "ஐடிலிங் மெல்லத்தான் இறங்குகிறது", "பாலத்தில் இறங்கும்போது டப் டப்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டும் வெயிலால் வருவதில்லை. எங்கேயோ திருட்டுக் காற்று இழுக்கிறது.

கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் மேனிஃபோல்டு இருக்கும். பத்து வருடச் சூட்டில் அது இறுகிப்போய் விரிசல் விடும். குளிர்ந்திருக்கும்போது விரிசல் மூடிக்கொண்டிருக்கும். சூடேறினால் ரப்பர் தளர்ந்து வாய் திறக்கும். கார்புரேட்டரைத் தாண்டி அந்த வழியாக வெறும் காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்றால் கலவை லீன் ஆகும், லீன் ஆனால் இன்ஜின் இன்னும் சூடாகும், விரிசல் இன்னும் திறக்கும். ஒன்று இன்னொன்றைத் தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

இதை நீங்களே பார்க்கலாம். வண்டியைச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டு, சோப்பு நீரைத் தெளிப்பானில் எடுத்து அந்த ரப்பரைச் சுற்றியும் கிளாம்ப் ஓரத்திலும் அடியுங்கள். இன்ஜின் ஹெட் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்து அடியுங்கள். சத்தம் மாறினால், ஐடிலிங் ஏறி இறங்கினால், அங்கேதான் ஓட்டை. சில பட்டறையில் பெட்ரோலைச் சொட்டிப் பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது, யாராவது செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் நான் சொன்னதுதான்.

இரண்டாவது விஷயம். இது ஏர் கூல்டு வண்டி. நீங்கள் போடும் பெட்ரோலில் சுமார் கால்பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மிச்சம் எல்லாம் சூடாகத்தான் வெளியே போயாக வேண்டும். சைலன்சர் வழியாகக் கொஞ்சம், ஆயில் வழியாகக் கொஞ்சம், ஃபின் (சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் உலோகத் தகடுகள்) வழியாக மிச்சம். ஃபின்னுக்கு காற்றுதான் உயிர். வண்டி நின்றால் காற்று நின்றது. அந்த ஃபின் இடுக்கில் மண்ணும் ஆயிலும் அப்பியிருந்தால் ஓடும்போதும் ஆறாது. இன்ஜின் முன்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

நியூட்ரல் விழாதது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர்ந்து போகும்போது பாதி கிளட்ச் பிடித்தே ஓட்டுவீர்கள். கிளட்ச் தட்டு ஆயிலுக்குள் முழுகியிருக்கிறது, அதன் சூடு நேராக ஆயிலுக்குத்தான் போகும். ஆயில் எப்போது மாற்றியது, என்ன ஆயில்?

---

ஒற்றியூரான் | மே 10

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. போட்டோ போட்டிருக்கிறேன். லெக் கார்டில் தெரிகிற கறுப்பு ரெக்சின், நவம்பர் மழையில் முழங்காலில் சேறு அடிக்கிறதே என்று நான் கட்டியது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆயில் பிப்ரவரியில் மாற்றியது. வழக்கமாகப் போகும் இடம் மூடியிருந்ததால் வழியில் ஒரு கடையில் மாற்றினேன். டப்பாவைப் பார்க்கவில்லை. பிளக்கை ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.

வேலூர் நண்பருக்கும் நன்றி. ஆனால் ஈரப் பனியனை நான் இரண்டு வருடம் முன்பே செய்து பார்த்துவிட்டேன், எங்கள் பக்கம் அது பலிக்கவில்லை. ஏன் என்று என் வேலையை வைத்துச் சொல்கிறேன். எங்கள் மொட்டைமாடியில் கூலிங் டவர் இருக்கிறது. 37 டிகிரியில் வரும் தண்ணீரை மேலிருந்து கொட்டி, ஃபேன் போட்டு, ஒரு பங்கு ஆவியாகிப் போவதால் மிச்சத் தண்ணீரை 32-க்கு இறக்குவோம். எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் அன்றைய வெட் பல்புக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுக்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காது. நேற்று மதியம் 3 மணி ரீடிங் என் நோட்டில் இருக்கிறது: டிரை பல்ப் (சாதாரண தெர்மாமீட்டர்) 37, வெட் பல்ப் 28.5. காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. அதில் என் பனியன் எங்கே காயும்? மனித உடம்பும் ஒரு கூலிங் டவர்தான். உங்கள் ஊரில் 41 டிகிரி இருந்தாலும் காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் பறந்துவிடுகிறது. எங்கள் ஊரில் வழிந்து சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிரவைப்பதில்லை, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இவ்வளவும் தெரிந்தும் வழியில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

---

பட்டறை அண்ணன் | மே 10

போட்டோ பார்த்தேன். தம்பி, அந்த ரெக்சினை இந்த நிமிடமே அவிழ்த்துவிடுங்கள். சிலிண்டருக்கு நேர் முன்னால் கதவு சாத்தி வைத்திருக்கிறீர்கள். மழைக்கு நிறையப் பேர் கட்டுவார்கள், தை பிறந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். ஃபின் இடுக்கிலும் சேறு காய்ந்து கல்லாகியிருக்கிறது. இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் டீசலும் பழைய பிரஷ்ஷும் வைத்து ஒவ்வொரு இடுக்காக எடுங்கள். டீசல் நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான இன்ஜினில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் நின்று பாட்டில் தண்ணீரை ஃபின்னில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீர் குளிர்ச்சியில் உலோகம் ஒரே சீராகச் சுருங்காது, விரிசல் விட்ட ஹெட் என் பட்டறைக்கு வந்திருக்கிறது.

ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது கார் ஆயிலாக இருந்தால் கிளட்ச் நழுவும், நழுவினால் அதுவும் சூடு. டப்பாவில் ஜாஸோ எம்ஏ2 (ஆயிலுக்குள் கிளட்ச் உள்ள பைக்குக்கான தர முத்திரை) என்று போட்டிருக்க வேண்டும், கிரேடு உங்கள் வண்டி மானுவலில் சொன்னதே போதும். வெயிலுக்கு இன்னும் கெட்டியாக ஊற்று என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். உங்கள் இன்ஜினில் டப்பட் (வால்வைத் தூக்கும் பாகம்) ஹைட்ராலிக், அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் இல்லை. அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

லிக்விட் கூல்டு கேட்டிருந்தீர்கள். இன்ஜினுக்கு அது நல்லது, ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்போது அந்த அனல் எங்கே போகும்? நிறைய வண்டியில் உங்கள் காலுக்குத்தான் வரும். போதாததற்கு பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டிகளில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கால் பக்கத்திலேயே வருகிற மாடல்கள் உண்டு. அது வேலை செய்வதே சூட்டில்தான். காலுக்காக வண்டி மாற்றுவதாக இருந்தால் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) துணிச்சுருள் சுற்றச் சொல்லி யாராவது வருவார்கள். காலுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் கடலோரத்தில் உப்பு ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு பைப்பை அரித்துவிடும். திருவொற்றியூரில் வேண்டாம். சைலன்சருக்கு மேல் இடைவெளி விட்டு ஒரு தகடு கார்டு போடுங்கள், அது போதும்.

---

செவிலி | மே 11

அண்ணா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் தலை சுற்றல், தசை பிடிப்பு என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு விட முடியவில்லை. அது உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை. அடுத்த கட்டத்தில் மனம் குழம்பும், பேச்சு தடுமாறும், தோல் கொதிக்கும். அந்த நிலையில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தனக்கு ஆபத்து என்பதே தெரியாது. அப்படி யாரையாவது சாலையில் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிழலில் படுக்கவைத்து, ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் கழற்றி, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போகவைக்கும், சில இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும். இரண்டுமே வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் "மதியம் ஒன்றேமுக்கால் மணி நேரம் பைக் ஓட்டுகிறேன்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடித்துவிடுங்கள், பாதி வழியில் நிறுத்தி மறுபடி குடியுங்கள். ஓஆர்எஸ் நல்லதுதான், ஆனால் பிரஷர் இருந்தால் உப்பு விஷயம், அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தினமும் குடிக்க வேண்டும்.

பெண்ணுக்கு இனி அப்படி நடக்க வேண்டாம், நடந்தால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், தோசை மாவு எதுவும் தடவ வேண்டாம். வாரத்துக்கு நான்கு சைலன்சர் காயமாவது பார்க்கிறேன், பாதிப் பேர் பற்பசையோடுதான் வருகிறார்கள்.

---

டெலிவரி தம்பி | மே 11

அண்ணா, நான் 150 சிசி ஏர் கூல்டு வண்டியில் நாள் முழுக்க அதே ஓஎம்ஆரில் உணவு டெலிவரி செய்கிறேன். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

சிக்னல் கவுண்டரில் 30-க்கு மேல் இருந்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன். தயங்கவே மாட்டேன். நிற்கும்போதுதான் சூடு சேர்கிறது, பெட்ரோலும் மிச்சம். ஊர்ந்து போகும் இடத்தில் முன் வண்டியை ஒட்டிக்கொண்டே போகாமல், பத்து அடி இடம் விட்டு கிளட்சை முழுதாக விட்டு முதல் கியரில் சீராகப் போவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

வழியை மாற்றிப் பாருங்கள். அடையாறிலிருந்து திருவான்மியூர் போய் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) அக்கரை வரை வந்தால், அங்கிருந்து சோழிங்கநல்லூருக்கு இணைப்புச் சாலை இருக்கிறது. ஓஎம்ஆரின் மோசமான பகுதி முழுக்கக் கழிந்துவிடும். அங்கேயும் நெரிசல் உண்டு, ஆனால் வண்டி நிற்காமல் நகரும்.

ஜீன்ஸ் வேண்டாம் அண்ணா. நனைந்தால் கனத்து ஒட்டிக்கொள்ளும், சூட்டையும் பிடித்துவைக்கும். முழங்கால் பேடு உள்ள தொளதொள வலை பேண்ட் ஒன்று வாங்குங்கள். காலுக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டி, வேலை இடத்தில் மாற்ற இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தலையெல்லாம் வேர்க்குரு.

2024 கோடையில் புதுச்சேரி போனபோது சிக்னலில் பச்சை வலை கட்டி நிழல் போட்டிருந்தார்கள். அதன் கீழே நின்ற அந்த ஒரு நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது. நம் சோழிங்கநல்லூர் சிக்னலிலும் கட்டினால் எத்தனை பேர் வாழ்த்துவார்கள்.

---

ஒற்றியூரான் | மே 23

எல்லோருக்கும் என்ன ஆனது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ரெக்சினை அன்றே அவிழ்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் உட்கார்ந்து ஃபின் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, ஒரு டப்பா மண் வந்தது. வேலையில் மாதம் தவறாமல் கண்டன்சர் ஃபின் கழுவுகிறவன் நான். என் வண்டியில் அதைப் பார்க்காமல் விட்டதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பிளக் இரண்டும் அண்ணன் சொன்னது போல சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. சோப்பு நீர் அடித்ததும் ஐடிலிங் தடுமாறியது. ரப்பரைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. புதுப்பேட்டையில் தேடிப் புது ரப்பரும் கிளாம்பும் வாங்கினேன், ஆயிலும் மாற்றினேன்.

டப் டப் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை விட்டால் ஐடிலிங் உடனே இறங்குகிறது. நியூட்ரலும் பெரும்பாலும் விழுகிறது. பத்து நாள் கழித்து பிளக்கைப் பார்த்தேன், இளம் பழுப்பு. காலில் சூடு போய்விட்டதா என்றால், போகவில்லை, குறைந்திருக்கிறது. முன்பு பெருங்குடியிலேயே தாங்க முடியாமல் இருந்தது, இப்போது நீண்ட சிக்னலில் மட்டும் முழங்கால் பக்கம் தெரிகிறது. தம்பி சொன்னபடி அங்கே அணைத்துவிடுகிறேன். அக்கரை வழி நான்கு கிலோமீட்டர் அதிகம், ஆனால் நிற்பது பாதிதான். வலை பேண்ட்டும் வாங்கிவிட்டேன். வண்டியை விற்கப்போவதில்லை.

காலை ஷிஃப்ட் கேட்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அது மதியம் 2 மணிக்கு முடியும், திரும்புகிற வழி இதைவிட மோசமாக இருக்கும். அதனால் 28ஆம் தேதி கத்திரி முடியும் வரை 9.30-க்கே கிளம்பிவிடுகிறேன். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பிளான்ட் ரூமில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்.

சகோதரி, நீங்கள் கேட்டது சரி. இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் ஒன்று சிறுநீர் போகவைப்பது. டாக்டரிடம் நீங்கள் சொன்ன அதே வார்த்தையில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பெயரை இங்கே எழுதவில்லை, எனக்குக் கொடுத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. அதற்குப் பிறகு தலை சுற்றல் வரவில்லை.

சைலன்சருக்குத் தகடு கார்டு போட்டாயிற்று. பெண் இப்போது இடது பக்கம்தான் இறங்குகிறாள். இறங்குவதற்கு முன் நான் வண்டியை முழுதாக நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, "இறங்குமா" என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.